தினமும் ஒரு மணி நேரம்: எஃப்.எம். நிலையங்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டு எஃப்.எம். வானொலிகளில் பாட்டுகளைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்ச்சிப் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம்.

கேட்க வந்ததை முதலிலேயே கேட்டுவிடுகிறேன். தினமும் ஒரு மணி நேரம், ஜனங்கள் விழித்திருக்கும் நேரமாகப் பார்த்து, எந்தப் படத்திலும் வராத தமிழ்ப் பாட்டுகளைப் போடுங்கள். ஒவ்வொரு பாட்டுக்கும் பாடியவர், எழுதியவர், இசையமைத்தவர் பெயரைச் சொல்லுங்கள். கோரிக்கை இவ்வளவுதான். இதை ஏன் கேட்கிறேன், ஏன் உங்களிடம் கேட்கிறேன் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பகுதியைப் பார்த்துக்கொள்கிறேன். காலையில் மெஷின் ஓட ஆரம்பிக்கும்போதே உங்கள் எஃப்.எம்.மும் ஓட ஆரம்பித்துவிடும். ஓவர்லாக் சத்தத்தைத் தாண்டிக் கேட்க வேண்டும் என்பதால் சத்தமாகத்தான் வைப்போம். தைத்துக்கொண்டிருப்பவருக்கு செல்போனை எடுத்துப் பாட்டு மாற்றக் கை ஒழியாது. அதனால் ஷிப்டு முடியும்வரை நீங்கள் போடுவதுதான் நாங்கள் கேட்பது. ஒர்க்‌ஷாப், சலூன், டீக்கடை, டவுன் பஸ் எல்லா இடத்திலும் இதே கதைதான். இன்னும் லட்சக்கணக்கான பேருக்குப் பகல் முழுக்கப் பாட்டைத் தேர்ந்தெடுத்துக் கொடுப்பது நீங்கள்தான். அதனால்தான் இந்த மடலை வேறு யாருக்கும் எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன்.

ஒருநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில், எங்கள் லைனில் கைமடியாக (தையல்காரருக்கு உதவியாக) இருக்கும் ஒரு தம்பி தன் போனில் ஒரு பாட்டைப் போட்டான். தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் குழுவின் பாட்டு, இசைவாணி பாடியது. பவர்டேபிளில் (தையல் மெஷின் வரிசையில்) இருக்கும் அக்கா ஒருவர் டிபன்பாக்ஸைத் திறந்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்து, "பொம்பளப் புள்ள கானா பாடுது! இது எந்தப் படம்டா?" என்றார். "படம் இல்லக்கா, சும்மா பாட்டு" என்றான் தம்பி. "படம் இல்லாம எப்படிடா பாட்டு வரும்?" என்று கேட்டுவிட்டு, மறுபடியும் அதையே போடச் சொன்னார். அன்றைக்குச் சாப்பாட்டு நேரம் முடியும்வரை அந்தப் பாட்டுதான் ஓடியது. மணி அடித்தது, மெஷின் ஓடியது, ஸ்பீக்கரில் உங்கள் நிகழ்ச்சி திரும்ப வந்தது. அந்த அக்காவுக்குப் பிடித்த பாட்டு அதில் வரவில்லை, இன்றுவரை வரவில்லை.

அந்தக் கேள்வியில் அக்காவின் தவறு எதுவும் இல்லை. எந்தப் பாட்டைக் கேட்டாலும் எந்தப் படம் என்று கேட்கும்படி நம் காதைப் பழக்கிவிட்டோம். ஆனால் சினிமாவுக்கு வெளியே இருக்கும் பாட்டைத் தமிழர்கள் ரசிக்க மாட்டார்கள் என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். நாகூர் ஹனீபாவின் 'இறைவனிடம் கையேந்துங்கள்' எந்தப் படத்தில் வந்தது? எல்லா மதத்துக்காரர் வீட்டிலும் அதைக் கேட்டு வளர்ந்தவர்கள் இருக்கிறார்கள். சூலமங்கலம் சகோதரிகளின் கந்த சஷ்டி கவசம் ஒலிக்காத தெரு உண்டா? கார்த்திகை மாதம் வந்தால் கே.வீரமணியின் 'பள்ளிக்கட்டு சபரிமலைக்கு' இல்லாமல் மாலை போட்டவர்கள் வண்டி ஏறுவதில்லை. கொல்லங்குடி கருப்பாயி அம்மா வானொலியில் நாட்டுப்புறப் பாட்டு பாடிப் பெயர் வாங்கிய பிறகுதான் 1985இல் 'ஆண்பாவம்' படத்துக்கு வந்தார். அவரை முதலில் நமக்குக் கொண்டுவந்தது வானொலி.

கடலுக்கு அந்தப் பக்கமும் அப்படித்தான். இலங்கை வானொலி ஈழத்து மெல்லிசைப் பாட்டுகளைப் பதிவு செய்து ஒலிபரப்பியது. நித்தி கனகரத்தினத்தின் 'சின்ன மாமியே', ஏ.ஈ.மனோகரனின் 'சுராங்கனி' போன்ற பொப் (பாப்) பாட்டுகள் நம் ஊர்க் கல்யாண வீடுகள் வரைக்கும் வந்து சேர்ந்தன. அதைவிட முக்கியமாக எனக்குத் தோன்றுவது அந்த அறிவிப்பாளர்களின் பழக்கம். பாட்டுக்கு முன்னால் பாடியவர், எழுதியவர், இசையமைத்தவர் என்று பெயர்களைத் தெளிவாகச் சொல்வார்கள். என் அப்பா பள்ளிக்கூடம் அதிகம் போனவர் இல்லை. ஆனால் எந்தப் பாட்டை எந்தக் கவிஞர் எழுதினார் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். இன்று எங்கள் கம்பெனியில் இருக்கும் பிள்ளைகளுக்குக் கதாநாயகன் பெயர் தெரியும், பாட்டை எழுதியவர் பெயர் தெரியாது. அவர்களுக்கு அதை யாரும் சொல்லவே இல்லை.

இப்போது நடந்துகொண்டிருப்பதைப் பாருங்கள். 2017 ஜனவரியில் 'சென்னை புறம்போக்குப் பாடல்' என்று ஒன்று வந்தது. எண்ணூர்க் கழிமுகத்தில் அனல்மின் நிலையச் சாம்பல் கொட்டப்படுவதைப் பற்றிய பாட்டு. எழுதியவர் கபேர் வாசுகி. மெட்டமைத்தவர் ஆர்.கே.ஸ்ரீராம்குமார். பாடியவர் கர்நாடக இசைப் பாடகர் டி.எம்.கிருஷ்ணா. சாம்பல் படிந்த அந்த இடத்துக்கே போய் நின்று பாடினார். ஆனந்தபைரவியில் தொடங்கி ராகம் ராகமாக மாறிப் போகிறது. ஆனால் வரிகள் முழுக்க மெட்ராஸ் பேச்சுத் தமிழ். சபாவில் கேட்கும் ராகமும் குப்பத்தில் பேசும் பேச்சும் ஒரே பாட்டில் உட்கார்ந்திருக்கின்றன. உரசல் எதுவும் தெரியவில்லை. இந்தப் பாட்டை முதன்முதலாகக் கேட்டபோது நான் அதுவரைக்கும் கர்நாடக இசை பக்கமே போகாதவன். ராகத்தின் பெயரெல்லாம் பிறகு ஒருவர் சொல்லித்தான் தெரிந்தது. ஆனால் நடுவில் ராகம் மாறும் இடத்தில் என்னவோ ஆகிறது என்பது காதுக்குத் தெரிந்தது. எங்கள் ஊர் நொய்யல் ஆற்றில் சாயத்தண்ணீர் ஓடியதைப் பார்த்து வளர்ந்தவனுக்கு எண்ணூர் தூரத்து ஊராகப் படவில்லை. இந்தப் பாட்டு எனக்கு வாட்ஸ்அப்பில் வந்தது. வானொலியில் ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

ஒரு வருடம் கழித்து, 2018 ஜனவரி 6ஆம் தேதி, சென்னை கீழ்ப்பாக்கத்தில் தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் முதல் கச்சேரி நடத்தியது. பா.ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் தென்மாவும் சேர்ந்து உருவாக்கிய குழு, 19 கலைஞர்கள். அயோத்திதாசப் பண்டிதர் சொன்ன 'சாதியற்ற தமிழர்' என்பதிலிருந்து எடுத்த பெயர். கானா, ராப், ராக் மூன்றும் ஒரே மேடையில். அதில் இருந்த ஒரே பெண் இசைவாணி. கானா ஆண்கள் பாடுவது என்று எல்லோரும் நினைத்திருந்த இடத்தில் நின்று பாடினார். 2020இல் பிபிசி தன் 100 பெண்கள் பட்டியலில் அவரைச் சேர்த்தது. லண்டனில் இருப்பவர்களுக்குத் தெரிந்த குரல், சென்னையில் ஓடும் ஷேர் ஆட்டோவின் ரேடியோவில் வரவில்லை என்றால் எங்கேயோ ஒரு கண்ணி விட்டுப்போயிருக்கிறது. அதே 2020 டிசம்பரில் 'மார்கழியில் மக்களிசை' என்ற இசை விழா தொடங்கியது. பறை, ஒப்பாரி, கானா எல்லாவற்றுக்கும் மார்கழியிலேயே மேடை கிடைத்தது. மேடைக்கு வர முடிந்தவர்கள் கேட்டார்கள். ஊரில் இருப்பவர்களுக்குக் கொண்டுபோக வானொலியை விட்டால் வேறு எது இருக்கிறது?

'படம் இல்லாத பாட்டை யார் கேட்பார்கள், சேனலை மாற்றிவிடுவார்கள்' என்று உங்கள் கூட்டங்களில் சொல்லப்படும் என்று எனக்குத் தெரியும். அதற்குப் பதில் உங்கள் அனுபவத்திலேயே இருக்கிறது. 2011இல் ஹிப்ஹாப் தமிழா ஆதி 'கிளப்புல மப்புல'வைப் பாடி அது ஊரெல்லாம் பரவியது ஒரு எஃப்.எம். நிலையத்தின் ஒலிப்பதிவு அறையிலிருந்துதான். அந்தப் பாட்டு பெண்களைப் பற்றிச் சொன்னது எனக்குப் பிடிக்காது, அது வேறு விஷயம். ஆனால் படம் இல்லாத, பெயர் தெரியாத ஒரு பையனுக்கு நீங்கள் மைக் கொடுத்தபோது என்ன நடந்தது என்பதை மறக்கக் கூடாது. 2021 மார்ச்சில் 'எஞ்சாயி எஞ்சாமி' வந்தது. பாடியவர்கள் தீ, அறிவு; இசை சந்தோஷ் நாராயணன். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்துத் திரும்பி வந்த அறிவின் பாட்டி வள்ளியம்மாளின் வாழ்க்கை அந்தப் பாட்டுக்குள் இருக்கிறது. அது யூடியூபில் கோடிக்கணக்கில் ஓடிய பிறகு உங்கள் நிலையங்களிலும் கேட்டேன். யாரும் சேனலை மாற்றவில்லை. எங்கள் கம்பெனியில் சத்தத்தைக் கூட்டினார்கள். 2024இல் சாய் அபயங்கரின் 'கட்சி சேர', 'ஆச கூட' இரண்டும் அப்படித்தான் வந்தன.

கவனித்தால் இந்த எல்லாவற்றிலும் ஒரு வரிசை இருக்கிறது. முதலில் யூடியூபில் ஓட வேண்டும், பிறகு ரீல்ஸில் ஓட வேண்டும், எல்லோருக்கும் தெரிந்த பிறகு வானொலியில் வரும். தெரிந்ததையே தருவதற்கு நீங்கள் எதற்கு? தெரியாததைத் தேடிப்பிடித்துக் கொண்டுவந்து, "இதைக் கேளுங்கள்" என்று சொல்லத்தானே ஒரு மனிதர் மைக்குக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறார்?

இன்னொன்றையும் மனதுவிட்டுச் சொல்ல வேண்டும். ஒரு பாட்டு பிடித்துப்போவதில் பெரும்பங்கு திரும்பத் திரும்பக் கேட்பதற்கு உண்டு. பெரிய படத்தின் பாட்டு வெளியான அன்றிலிருந்து மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை போடுகிறீர்கள். முதல் நாள் "என்னடா இது" என்று முகம் சுளித்தவர்களே ஒரு வாரத்தில் அதை முணுமுணுக்கிறார்கள். சினிமாவுக்கு வெளியே பாடுபவருக்கு அந்த ஒரு வாரம் கிடைப்பதே இல்லை. பண்டிகை நாளில் ஒருமுறை போட்டுவிட்டு, "பெரிதாக வரவேற்பில்லை" என்று முடித்துவிடுகிறோம். அதனால் ஒரு மணி நேரம் தரும்போது, தேர்ந்தெடுத்த பாட்டை அந்த வாரம் முழுக்க நாள்தோறும் ஒருமுறையாவது போடுங்கள். அதற்கப்புறமும் பிடிக்கவில்லை என்றால் சரி, அது நேயரின் தீர்ப்பு.

"இப்போதுதான் எல்லாம் போனில் கிடைக்கிறதே, வேண்டுமென்பவர்கள் தேடிக் கேட்கட்டும்" என்றும் சொல்லலாம். பெயர் தெரியாததை எப்படித் தேடுவது? ரீல்ஸில் பாட்டின் முப்பது நொடிதான் வருகிறது. அதன் கீழே பல நேரங்களில் 'ஒரிஜினல் ஆடியோ' என்று போட்டு, வீடியோவை ஏற்றியவர் பெயர்தான் இருக்கும். பாடியவர் பெயர் இருக்காது. ஆப்களோ, ஏற்கெனவே கேட்டதைப் போன்றதையே மறுபடி மறுபடி நீட்டுகின்றன. சினிமாப் பாட்டு கேட்டவருக்குச் சினிமாப் பாட்டு. பணம் என்று பார்த்தால் அங்கேயும் சின்னக் கலைஞருக்கு இடம் குறுகிக்கொண்டே போகிறது. 2024 முதல் ஸ்பாட்டிஃபையில், முந்தைய 12 மாதங்களில் ஆயிரம் முறையாவது கேட்கப்படாத பாட்டுக்கு உரிமைத்தொகை கிடையாது. வீட்டில் ஒரு மைக்கை வைத்துப் பதிவு செய்து, கைக்காசில் மிக்ஸிங் செய்து வெளியிட்ட ஒருவருக்கு முதல் ஆயிரம் பேர் கிடைப்பதுதான் மலை. நீங்கள் ஒருமுறை போட்டால் ஒரே நொடியில் அந்த மலை ஏறிவிடலாம்.

மற்ற நாடுகளில் இதை ஆசை வார்த்தையாக விட்டுவிடவில்லை, ஏற்பாடாகவே செய்துவிட்டார்கள். பிரான்சில் 1996 முதல் வானொலிகள் குறிப்பிட்ட பங்கு பிரெஞ்சுப் பாட்டுகளைப் போட வேண்டும் என்று சட்டம் நடைமுறையில் இருக்கிறது. முதலில் வைத்த பங்கு 40 சதவீதம், அதில் பாதி புதியவர்களுடையதாகவோ புதிய வெளியீடாகவோ இருக்க வேண்டும். ஆஸ்திரேலியாவில் டிரிபிள் ஜே என்ற அரசு வானொலி 1995இல் 'அன்எர்த்ட்' என்று ஒன்றைத் தொடங்கியது. எந்த ஊர்க்காரரும் தன் பாட்டை அனுப்பலாம், நிலையத்தில் இருப்பவர்கள் கேட்பார்கள், நன்றாக இருப்பது காற்றில் வரும். பிபிசி 2007 முதல் 'இன்ட்ரொடியூசிங்' என்று இதேபோல் செய்கிறது. நமக்குப் பக்கத்தில் மலேசியாவைப் பாருங்கள். மின்னல் எஃப்.எம்.மில் உள்ளூர்த் தமிழ்க் கலைஞர்களின் பாட்டுகளுக்கு இடம் இருக்கிறது. யோகி பி-யும் நட்சத்ராவும் 2006இல் 'வல்லவன்' ஆல்பத்தோடு வந்து தமிழ் ராப் என்றால் என்னவென்று நமக்கே காட்டியது அந்த மண்ணிலிருந்துதான். நான் சட்டம் கேட்கவில்லை. 24 மணி நேரத்தில் ஒன்றைக் கேட்கிறேன்.

உரிமைச் சிக்கல் பற்றிச் சொல்வீர்கள். சினிமாப் பாட்டுக்கு ஆடியோ கம்பெனிகளோடு பேசிப் பணம் கட்டுவதைவிட இது எளிது என்றே நினைக்கிறேன். பெரும்பாலும் பாடியவரே தன் பதிவுக்குச் சொந்தக்காரர், அவரே கையெழுத்துப் போட்டு அனுமதி தரலாம். எழுதியவரும் இசையமைத்தவரும் ஐ.பி.ஆர்.எஸ். என்ற உரிமைத்தொகை வசூலிக்கும் சங்கத்தில் உறுப்பினர்களாக இருந்தால் அவர்கள் பங்கு அந்த வழியாகப் போகும். ஒன்றை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். 'உங்களுக்கு விளம்பரம் கிடைக்கிறதே' என்று சொல்லிப் பணம் தராமல் விடாதீர்கள். சினிமாப் பாட்டுக்கு என்ன கணக்கோ அதே கணக்கை இவர்களுக்கும் வையுங்கள். போடுவதற்கு அவர்களிடம் பணம் வாங்குவது அதைவிட மோசம். எனக்குத் தெரிந்த ஒரு பையன், அவிநாசிப் பக்கத்துக்காரன், ஒரு நிலையத்தில் தன் பாட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது விளம்பரக் கட்டண அட்டையை எடுத்துக் கையில் கொடுத்திருக்கிறார்கள். அவன் பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அவன் இப்போது பாட்டு எழுதுவதை விட்டுவிட்டு மொபைல் கடையில் இருக்கிறான்.

அரசியல் பாட்டுகளை ஒலிபரப்பு விதிகள் அனுமதிக்காது என்ற தயக்கமும் இருக்கலாம். எல்லாப் பாட்டையும் போட முடியாது, எனக்குப் புரிகிறது. ஆனால் சினிமாவுக்கு வெளியே எழுதுபவர்கள் எல்லோரும் போராட்டப் பாட்டுதான் எழுதுகிறார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். காதல், ஹாஸ்டல் சாப்பாடு, அம்மாவின் மாத்திரை டப்பா, வேலை போன திங்கட்கிழமை என்று எதைப் பற்றியும் பாட்டு இருக்கிறது. சொல்லப்போனால் சினிமாவில் வர முடியாத அன்றாடம் இங்கேதான் இருக்கிறது. அங்கே பாட்டு கதாநாயகனுக்காக எழுதப்படுகிறது. இங்கே எழுதியவர் தனக்கு நடந்ததை எழுதுகிறார்.

சாய் அபயங்கர் இரண்டு பாட்டில் பெரிய படங்களுக்குப் போய்விட்டார். ஆதி 2015இல் 'ஆம்பள' படத்துக்கு இசையமைத்தார். இவர்கள் போனதில் எனக்கு மகிழ்ச்சிதான், வயிறு நிறைய வேண்டுமே. ஆனால் வெளியே இருந்தே பிழைக்க ஒரு வழி இருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். பாட்டு எழுதும் எல்லோரும் ஒரு இயக்குநர் கூப்பிடும்வரை காத்திருக்கும் நிலை நல்லதல்ல. அப்படிக் காத்திருப்பவர்கள் தானாகவே சினிமாப் பாட்டு மாதிரி எழுத ஆரம்பித்துவிடுவார்கள்.

எப்படித் தொடங்குவது என்றும் யோசித்திருக்கிறேன். இரவு பதினொரு மணிக்கு வேண்டாம். அப்போது கேட்பவர்கள் ஏற்கெனவே தேடிக் கேட்பவர்கள். மதியம் ஒன்றிலிருந்து இரண்டு, அல்லது மாலை ஆறிலிருந்து ஏழு கொடுங்கள். கோவை நிலையம் என்றால் கோவை, திருப்பூர், ஈரோடு, நீலகிரிப் பிள்ளைகளுக்கு முதலிடம் கொடுங்கள். நெல்லை நிலையம் நெல்லைக்காரர்களுக்கு, மதுரை மதுரைக்காரர்களுக்கு. சென்னையில் இருப்பவருக்குத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். கோத்தகிரியில் படுகர் பாட்டோ ஊத்துக்குளியில் ஒப்பாரியோ கிடாரில் போட்டுப் பார்க்கும் பிள்ளைக்கு யாரும் இல்லை. பாட்டு அனுப்ப ஒரு வாட்ஸ்அப் எண்ணை அறிவியுங்கள். வந்ததை முழுசாகக் கேட்க நிலையத்தில் ஒருவரை உட்கார வையுங்கள். பிடிக்காததற்கும் ஏன் என்று இரண்டு வரி எழுதி அனுப்பச் சொல்லுங்கள். அந்த இரண்டு வரிக்காக இரண்டு வருடம் காத்திருக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆர்ஜேக்கள் பாட்டின் மேலேயே பேசாமல், முன்னாலும் பின்னாலும் பெயர்களைச் சொல்லட்டும். மெதுவாக, எழுதிக்கொள்ளும்படி சொல்லட்டும்.

முதல் வாரத்துக்குப் பாட்டு தேடச் சிரமமாக இருந்தால், நான் சொல்கிறேன். 'சென்னை புறம்போக்குப் பாடல்' அனுமதி கிடைத்தால் அதிலிருந்து தொடங்கலாம், இல்லாவிட்டால் கபேர் வாசுகியின் மற்ற பாட்டுகள் இருக்கின்றன. அவரும் தென்மாவும் சேர்ந்து நடத்திய குரங்கன் குழுவைக் கேளுங்கள். ராப் பாடகர் அறிவும் இசையமைப்பாளர் ஆஃப்ரோவும் 2019இல் வெளியிட்ட 'தெருக்குரல்' ஆல்பத்தில் உங்கள் விதிகளுக்குள் அடங்குவதை எடுத்துக்கொள்ளுங்கள். இசைவாணி பாடிய கானா ஒன்று, ஏதாவது ஒன்று, கண்டிப்பாக வேண்டும். யோகி பி-யை மறுபடி கொண்டுவாருங்கள், இப்போதைய பிள்ளைகளுக்கு அவர் யாரென்று தெரியாது. ஈழத்து மெல்லிசையில் ஒன்றைப் போட்டு, அது எங்கே பதிவானது என்று சொல்லுங்கள். மீதி நாட்களுக்கு, உங்கள் ஊர்க் கல்லூரி வாசலில் ஒரு மணி நேரம் நின்றால் போதும்.

மதியம் ஒன்று முதல் இரண்டு என்று முடிவு செய்தால் எனக்குத் தனிப்பட்ட மகிழ்ச்சி. அதுதான் எங்கள் சாப்பாட்டு நேரம், மெஷின் சத்தம் இல்லாமல் கேட்கலாம்.

அன்புடன்,
திருப்பூரிலிருந்து உங்கள் நேயர் ஒருவர்